முதுகைக் கேட்காமல் வாங்கிய மெத்தை

பாளையங்கோட்டையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற சண்முகவடிவின் உடம்பில், கை வைத்ததுதான் சட்டம் என்று ஒரு காலம் இருந்தது.

கைக்கு அந்த மரியாதை சும்மா வரவில்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்து முற்றலா இளசா என்று சொல்லும். தேங்காயைச் சுண்டிப் பார்க்கும், முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கும், கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்கும். புடவையின் முந்தியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துவிட்டு, "ரெண்டு துவைப்புக்குத் தாங்காது, உள்ள வைங்க" என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லும். தெருவில் யாராவது மாம்பழம் வாங்கினால்கூட, "வடிவக்கா, ஒரு கை வச்சுப் பாருங்க" என்று கூப்பிடுவார்கள். கைக்குத் தலைகால் புரியவில்லை. கைக்கு ஏது தலையும் காலும் என்று கேட்காதீர்கள். பெருமை வந்துவிட்டால் எல்லாம் முளைக்கும்.

முதுகு இதற்கு நேர் எதிர். பிறந்ததிலிருந்து பின்னாலேயே நிற்கிற பிறவி. வேன் சீட்டில் சாய்ந்தபடி ஊரில் உள்ள வேகத்தடை அத்தனையையும் வாங்கிக்கொள்வது அதுதான். ஆனாலும் வாய் திறந்து ஒன்றும் கேட்காது. அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாது என்பார்களே, அதேதான். வடிவுக்கும் அதைத் தெரியாது, கைக்கும் தெரியாது. கை மேலே இருந்து போனால் பிடரி வரைக்கும் எட்டும். கீழே இருந்து வந்தால் இடுப்பு வரைக்கும் எட்டும். நடுவே ஒரு சாண் இடம் மட்டும் அதற்குப் போகாத ஊராகவே இருந்தது.

போன ஆடியில் வீட்டுப் பஞ்சு மெத்தை கட்டி கட்டியாகித் தூக்கிப்போடும் நிலைக்கு வந்தது. வடிவும் வீட்டுக்காரர் உலகநாதனும் புதுசு வாங்க பீர்முகமது கடைக்குப் போனார்கள். பீர்முகமது நல்ல மனுசன். வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"அக்கா, மெத்தையப் படுத்துப் பாத்துத்தான் வாங்கணும். செருப்பக் கழத்திட்டு அஞ்சு நிமிசம் படுங்க. நான் அந்தப் பக்கம் போயிக்கிடுதேன்."

உடனே வடிவின் முந்தானையைப் பிடித்து ஒருத்தி இழுத்தாள். அவள் பெயர் கூச்சம். வடிவு பாவாடை கட்டின நாளிலிருந்து கூடவே வருகிறவள். பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்க விடமாட்டாள், போட்டோவில் சிரிக்க விடமாட்டாள்.

"கடையில மல்லாந்து படுப்பியா? ரோட்டுல போறவன் வாரவன் பூராவும் பாக்கவா? மானம் கப்பலேறிரும்டி!" என்று கூச்சம் பதறினாள்.

"படுப்பானேன்? நான் எதுக்கு இருக்கேன்?" என்று கை முன்னால் வந்தது.

அங்கே இரண்டு மெத்தைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று ரப்பர் மரத்துப் பாலில் செய்தது. ரப்பர் மெத்தை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றை மெமரி ஃபோம் என்றார்கள். அழுத்தினால் அந்த அச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளும் நுரையாம். அது ஞாபக மெத்தை.

கை முதலில் ரப்பர் மெத்தையை அமுக்கியது. அமுக்கின வேகத்தில் மெத்தை எழும்பி வந்தது.

"என்ன இது, போ போன்னு தள்ளுது?"

"தள்ளல அம்மா. தாங்குதேன்" என்றது ரப்பர் மெத்தை.

கை விலகி நின்று பார்த்தது. தடம் எதுவும் இல்லை. யாருமே தொடாத மாதிரி மழமழவென்று கிடந்தது. "இப்பத்தான தொட்டேன்! அதுக்குள்ள மறந்துட்டு. நன்றி கெட்டது!" என்று கை உதறிக்கொண்டது.

பிறகு ஞாபக மெத்தையை அமுக்கியது. ஆகா! ஐந்து விரலும், உள்ளங்கை மேடும், மோதிரம் உட்பட அப்படியே பதிந்து நின்றது. கை தன் அச்சைத் தானே பார்த்து மயங்கிப்போனது.

"உங்கள மாதிரி ஒரு கைய நான் பாத்ததே இல்ல. உங்கள மறக்கவே மாட்டேன்" என்று ஞாபக மெத்தை குழைந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்து வந்த எல்லாக் கைகளிடமும் அதையேதான் சொல்லியிருந்தது. பாவம், பொய் சொல்லவில்லை. சொல்லுகிற நேரத்தில் மெய்யாகவே நினைத்துத்தான் சொல்லும்.

"நானும் ஒரு தரம் லேசா சாஞ்சு பாக்கட்டுமா?" என்று பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. முதுகுதான். யார் காதிலும் விழவில்லை. ஞாபக மெத்தையை ஆட்டோவில் ஏற்றிக் கட்டியாகிவிட்டது.

முதல் ராத்திரியே பெயிண்டு வாடை மாதிரி ஒரு நாற்றம் மூக்கை அடைத்தது. "புதுசுல்லா, போகப் போகச் சரியாயிரும்" என்றது கை. ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். நாற்றம் போகாமல் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வடிவுக்கு மூச்சு விசில் அடித்தது.

அது போதாதென்று ஞாபக மெத்தை அன்பைப் பொழிய ஆரம்பித்தது. "உன் இடுப்பு இங்க, உன் தோள்பட்டை இங்க, எல்லாத்தையும் நெஞ்சுல பதிச்சு வச்சிருக்கேன். எங்கயும் போகாத" என்று இறுக்கிப் பிடித்தது. புரள விடவில்லை. அதன் சூடு இட்லிக் கொப்பரைக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. கழுத்திலும் கையிலும் காலிலும் தோல் தடித்துத் தடித்துச் சிவந்தது.

"எனக்கு ஒத்துக்கல! எனக்கு ஒத்துக்கல!" என்று தோல் அலறியது.

"நான் பாத்து வாங்கினது தப்பாப் போகுமா? இது வேர்க்குரு" என்றது கை. சொல்லிக்கொண்டே தோலைச் சொறிந்தது. வாங்கி வந்ததும் கைதான், விடிய விடிய சொறிந்ததும் கைதான். தோலுக்கு மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கையோ தன் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் நடந்த சண்டை மொத்தமும் இந்த ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

பக்கத்தில் உலகநாதன் அதே மெத்தையில் குறட்டை விட்டுக் கிடந்தார். அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை. உடம்புக்கு உடம்பு அப்படித்தான்.

தோல் டாக்டரம்மா தடிப்பைப் பார்த்தார், மூச்சைக் கேட்டார். "புது மெத்தை ஏதும் வாங்கினீங்களா? முதல்ல அதுல இருந்து இறங்குங்க. உங்களுக்கு அது ஒத்துக்கல" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். தோல் வெற்றியோடு கையைத் திரும்பிப் பார்த்தது. கை பையின் ஜிப்பை மூடுவதில் மும்முரமாக இருந்தது.

வடிவு பாயை விரித்துத் தரையில் படுத்தாள். "நித்திரை சுகம் அறியாதும்பாங்க. அசதியில படுத்தா கல்லுத் தரையிலயும் தூக்கம் வரும் பாரு" என்று உலகநாதன் மெத்தை மேலிருந்து ஆறுதல் சொன்னார். பழமொழி சொல்கிறவர்கள் எப்போதும் மெத்தை மேலிருந்துதான் சொல்கிறார்கள்.

தரையில் தடிப்பு அடங்கியது, மூச்சு சீரானது. ஆனால் பகல் முழுக்க வேகத்தடையில் அடிபட்டு வந்த முதுகு, கல்லுத் தரையில் பலகையாக விறைத்துப்போனது. காலையில் சுவரைப் பிடித்துத்தான் வடிவு எழுந்தாள்.

ஒவ்வொரு ராத்திரியும் தூக்கம் வாசல் வரைக்கும் வந்து பார்க்கும். மெத்தையில் இடம் கேட்டால் தோல் கத்தும். தரையில் இடம் கேட்டால் முதுகு முனகும்.

"நான் எங்கதான் உக்காருறது? எனக்கு உக்கார ஒரு இடம் இல்லாத வீட்டுல எப்படி வந்து போக?" என்று தூக்கம் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

போன தூக்கம் நிம்மதியாகப் போனதா என்றால் இல்லை. எத்தனையோ வருசப் பழக்கம். வடிவைப் பார்க்காமல் அதற்கும் இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி இடம் கிடைக்காத தூக்கம், நேரங்காலம் பார்க்காமல் ஒரு நாள் காலையில் வேனுக்குள் ஏறிவிட்டது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வேன் நிறையப் பிள்ளைகள். ரயில் வருவதற்குள் தூக்கம் டிரைவர் சீட்டின் பக்கத்தில் வந்து, "கொஞ்ச நேரம், ஒரே ஒரு நிமிசம்" என்று கெஞ்சியது. கண்கள் அசந்து இடம் கொடுத்துவிட்டன. ரயில் போயிற்று, கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். வடிவு ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தாள்.

"ஆண்ட்டி! ஆண்ட்டி! கேட்டு தெறந்தாச்சு!" என்று யாழிசை என்கிற யூகேஜி பிள்ளை தோளைத் தொட்டு உலுக்கியது.

வடிவு தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்திருந்தால்? அந்த நினைப்பிலேயே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் ஊர்ந்தே போய்ச் சேர்ந்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு, நேராகத் தாளாளர் அறைக்குப் போய் வேன் சாவியை மேசையில் வைத்தாள்.

"சார், ஒழுங்காத் தூங்குத வரைக்கும் நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன். பிள்ளைக உசுரு சார்."

தாளாளர் அவளைத் திட்டவில்லை. "சொன்னதுக்கு சந்தோசம்மா. திங்கக்கிழமை வரைக்கும் மாத்து டிரைவர வச்சுச் சமாளிக்கேன். அதுக்கு மேல வேற ஆள் போட்டுத்தான் ஆகணும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

வடிவு வீட்டுக்கு வந்து அழுதாள். அந்த வேன் அவளுக்குப் பிழைப்பு மட்டும் இல்லை. யார் வாசலில் எந்தப் பிள்ளை ஷூவை இடது வலது மாற்றிப் போட்டு நிற்கும், எந்தப் பிள்ளைக்கு வளைவில் குமட்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேறு ஒருத்தன் வந்து அந்தப் பிள்ளைகளை ஏற்றுவதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

மடியில் கிடந்த கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணீரைத் துடைப்பதற்காக மேலே போன கை, துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னது.

"ஒத்துக்கிடுதேன். தப்பு என் பேர்லதான். படுக்கப்போறது நான் இல்ல. கேட்டிருக்கணும்."

"யார?" என்றது தோல் வேண்டுமென்றே.

"உன்னயும்தான். ஆனா முதல்ல அவரக் கேக்கணும்." கை பிடரி வழியாகப் பின்னால் போனது. எட்டின மட்டும் போய் நின்று, எட்டாத இடத்தைப் பார்த்துக் கேட்டது. "அண்ணே, உனக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் முதுகிடம் கேட்டதில்லை.

"என்னயவா கேக்கே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு, யோசித்து யோசித்துச் சொன்னது. "தோளு கிட்ட கொஞ்சம் எறங்கிக் குடுக்கணும். இடுப்பு கிட்ட கொஞ்சம் ஏறி வந்து தாங்கணும். பிடிச்சு வைக்கக் கூடாது, நான் பெரண்டா விட்டுரணும். அவ்வளவுதான். அதிகமாக் கேட்டுட்டனோ?"

கைக்குத் தொண்டை அடைத்தது. தொண்டையும் அதற்கு இல்லைதான். விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடியும் பீர்முகமது கடை. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர், "அன்னைக்கே சொன்னேன்லா" என்று குத்திக்காட்டவில்லை. அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"ரப்பர் மெத்தை உங்களுக்குச் சரியா வரலாம் அக்கா. ஆனா சிலருக்கு ரப்பரும் ஆகாது. பலூன் ஊதினா, ரப்பர் கிளவுஸ் போட்டா அரிப்பு வருமா? டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டுட்டுத்தான் அண்ணே வாரேன். வேன் கழுவ வருசக் கணக்கா ரப்பர் கிளவுஸ்தான் போடுதேன். ஒண்ணும் செஞ்சதில்ல. தாராளமாப் படுங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

வடிவு குனிந்து மெத்தையில் கன்னத்தை வைத்து மோந்து பார்த்தாள். லேசாகப் புது ரப்பர் செருப்பு வாசம், அவ்வளவுதான். மூக்கு சரி என்றது. "எனக்கு ஒத்துக்கிடும்" என்று தோலும் சொல்லிவிட்டது. இனி படுக்க வேண்டியது முதுகு.

"படுக்கக் கூடாது!" என்று குறுக்கே வந்து நின்றாள் கூச்சம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் சரி. ஆனா கடையில படுக்கதுக்கு நான் விடமாட்டேன்."

வடிவு அவளை விரட்டவில்லை. "நீ எனக்கு வேண்டியவதான்டி. இத்தன காலம் என் மானத்தக் காத்தவ நீதான். ஆனா அந்த ரயில்வே கேட்டுல நீயும்தான இருந்தே? யாழிசை என்னய உலுக்கினப்போ நீயும்தான பாத்தே?"

அன்றைக்கு முகம் செத்துப்போய் வேனில் உட்கார்ந்திருந்தது கூச்சமும்தான். விரித்த கையை மெல்ல இறக்கினாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? வடிவின் சேலையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துச் சரியாக மூடிவிட்டாள்.

"படு. நான் வாசல்ல போயி நிக்கேன். ஒரு பய எட்டிப்பாக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள்.

பீர்முகமதுவும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வடிவு படுத்தாள்.

முதுகு முதன்முதலாக ரப்பர் மெத்தையைத் தொட்டது. இரண்டு பேரும் அதிகம் பேசுகிற ஜாதி இல்லை.

"வாங்க. பாரம் எவ்வளவு?" என்றது மெத்தை.

"ஊருல உள்ள வேகத்தடை பூராவும் இருக்கு."

"எறக்கி வைங்க."

முதுகு ஒவ்வொரு எலும்பாக இறக்கி வைத்தது. தோள் கேட்ட அளவுக்கு மெத்தை இறங்கிக் கொடுத்தது. இடுப்பு கிட்டே ஏறி வந்து ஏந்திக்கொண்டது. வடிவு ஒருக்களித்துப் புரண்டாள். "சரி" என்று விட்டுவிட்டது. மறுபடி மல்லாந்தாள். அதற்கும் சரிதான். வடிவின் வாயிலிருந்து, "அப்பாடா" என்று ஒரு மூச்சு வந்தது. அந்தக் குடும்பத்தில் வெகு நாளாக யாரும் கேட்காத சத்தம் அது.

கை பக்கத்தில் சும்மா கிடந்தது. வெட்கமாக இருந்தது அதற்கு. மெத்தையை லேசாகத் தடவி, "அன்னைக்கு உன்னய நன்றி கெட்டதுன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்கிடாத" என்றது.

"சொன்னீங்களா?" என்றது ரப்பர் மெத்தை. "எனக்கு ஞாபகம் இல்லையே."

அந்த நேரம் பார்த்துத் தூக்கம் அந்தப் பஜாரில்தான் திரிந்துகொண்டிருந்தது. பாதி இறக்கின ஷட்டரைப் பார்த்துவிட்டு எட்டிப்பார்த்தது. தோல் கத்தவில்லை, முதுகு முனகவில்லை. தூக்கம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தது.

உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. "வந்திட்டியா! நல்லாருப்பே! உன்னய நாங்க எங்கெல்லாம்..." என்று முதுகு, தோல், மூக்கு, கண் எல்லாரும் போட்டி போட்டு நன்றி சொன்னார்கள்.

"அட, சத்தம் போடாதீக. எனக்கு நன்றி சொல்லணும்னா கண்ண மூடுங்க" என்றது தூக்கம்.

மூடினார்கள்.

சற்று நேரத்தில் கடைக்குள் குறட்டைச் சத்தம் கேட்டது. கூட வந்திருந்த உலகநாதனுக்கு மானம் போயிற்று. "அய்யய்யோ, கடையில போயி!" என்று எழுப்பப் போனார். பீர்முகமது அவர் கையைப் பிடித்தார்.

"தூங்குத ஆள எழுப்பப்படாது அண்ணாச்சி. விடுங்க."

"யாவாரம் கெடுமே பாய்?"

"யாவாரம் எங்க ஓடிரப் போகுது?" தலையணை வாங்க வந்த இரண்டு பேரை அவர், "ஒரு டீ குடிச்சிட்டு வாங்க மாமா" என்று அனுப்பிவிட்டார். அஸர் தொழுகைக்குப் போகும்போது, "ஃபேன அமத்திராதீக" என்று உலகநாதனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உலகநாதன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தை வெகு நேரம் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. பீர்முகமது திரும்பி வந்தபோது உலகநாதனின் கண் கலங்கியிருந்தது.

"பாய், இவ பாயில கெடந்து முழிச்சிக்கிட்டு இருந்த அத்தன ராத்திரியும் நான் மேல நல்லாத் தூங்கிட்டேன் பாய்."

பீர்முகமது அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வெயில் இறங்கின பிறகு வடிவு கண் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் கூச்சம் வாசலில் இருந்து ஓடி வருவாள் என்று நினைத்தாள். கூச்சம் வாசற்படியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பீர்முகமது டீ டம்ளரை நீட்டினார். வடிவு எழுந்து உட்கார்ந்து கும்பிட்டாள். சொல்ல வந்த வார்த்தை வராமல் அழுகை வந்தது. "அண்ணே, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லப்போறேன்னு தெரியல."

"நீங்க எதுக்கு அக்கா சொல்லணும்? நான்லா சொல்லணும்." அவர் குரலும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்க வாப்பா காலத்துல இருந்து மெத்தை விக்கோம். எல்லாரும் வாங்கி வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க. தூங்கினாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? என் மெத்தையில ஒரு மனுசி நிம்மதியாத் தூங்கி நான் கண்ணால பாத்தது இன்னைக்குத்தான்."

அன்று சாயங்காலமே ரப்பர் மெத்தை வீட்டுக்கு வந்தது. ஞாபக மெத்தை சுவரோரம் சாய்ந்து நின்று அழுதது. "நான் என்ன தப்பு செஞ்சேன்? உன்னய எவ்வளவு நேசிச்சேன்!"

"தப்பே செய்யல" என்று தோல் அன்பாகவே சொன்னது. "எனக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். உன்னய வெறுக்கல." சுரண்டையில் இருக்கும் உலகநாதனின் அக்காவுக்கு இறுக்கிப் பிடிக்கிற படுக்கைதான் இஷ்டம். மெத்தையை அங்கே அனுப்பி வைத்ததும் அந்தம்மா படுத்துப் பார்த்துவிட்டு, "சொர்க்கம்டா தம்பி" என்று போன் போட்டார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

வடிவு அந்த ராத்திரி முழுக்கத் தூங்கினாள். திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது சுவரைப் பிடிக்கவில்லை. குளித்து, பொட்டு வைத்து, தாளாளரிடம் போய்ச் சாவியை வாங்கினாள். வாங்கின கை அதைக் கெட்டியாகப் பொத்திக்கொண்டது.

பிள்ளைகள் ஒவ்வொருத்தராக ஏறினார்கள். "ஆண்ட்டி வந்தாச்சு!" என்று யாழிசை கழுத்தைக் கட்டிக்கொண்டது. வேன் கிளம்பிப் பாலம் தாண்டி ரயில்வே கேட்டுக்கு வந்தது. கேட் மூடியிருந்தது. வடிவு எஞ்சினை அணைத்தாள்.

அப்போது தூக்கம் வேனுக்குள் ஏறியது.

கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது. முதுகு நிமிர்ந்தது. "ஏட்டி, இங்க எங்க வந்தே? போயிரு!" என்று உடம்பு மொத்தமும் பதறியது.

"பயப்படாதீக. உங்ககிட்ட வரல. ராத்திரி பூராவும் உங்ககூடத்தான கெடந்தேன்" என்றது தூக்கம். டிரைவர் சீட்டின் மேல் துணிகூடப் படாமல் ஒதுங்கி நடந்து பின்னால் போனது. அதிகாலையில் எழுப்பிக் குளிக்க வைத்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் அல்லவா. ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணைத் தடவிக்கொண்டே போனது. யாழிசை பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்தது. அந்தப் பிள்ளை ஜன்னலில் சாய்ந்தது.

ரயில் போயிற்று, கேட் திறந்தது. வடிவு தண்டவாளத்தை அலுங்காமல் கடந்து, வேகத்தடைகளில் மெல்ல ஏற்றி இறக்கி, பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். வாட்ச்மேன் சூசை ஓடி வந்து எட்டிப்பார்த்தார்.

"என்னக்கா, வேன்ல சத்தத்தையே காணோம்? பிள்ளைக இல்லியா?"

வடிவு உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா சூசையண்ணே. எல்லாம் தூங்குது."

"அம்புட்டும் தூங்கிட்டா? எப்படிக்கா?"

வடிவு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்தது.

"நான் முழிச்சிருந்தேன்லா" என்றாள்.